பழைய ஸ்கேட்போர்டை இனங்காண்பது எப்படி: அசலும் நகலும் குறித்த முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்கேட்போர்டு ஒன்று கைக்கு வந்தால், பெரும்பாலோர் முதலில் அதைக் கவிழ்த்து அடியில் உள்ள படத்தைத்தான் பார்க்கிறார்கள். படம் பழக்கமானதாக இருந்துவிட்டால் போதும், விலை மனத்தில் ஏறிவிடுகிறது; அதன்பின் கண்ணில் படும் எல்லாமே அந்த விலைக்குச் சாட்சியாகத் தோன்றத் தொடங்கும். ஆனால் ஒரு ஸ்கேட்போர்டில் மிக எளிதாக நகலெடுக்கக்கூடிய பகுதி அந்தப் படம்தான். துளைகளின் இடைவெளி, மரத்தின் அடுக்கு, அச்சின் வார்ப்பு, சக்கரம் எந்தப் பொருளால் ஆனது என்பன போன்றவற்றை அவ்வளவு அக்கறையோடு யாரும் நகலெடுப்பதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி படத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு மற்றவற்றிலிருந்து தொடங்குகிறது. பலமுறை தவறிய பிறகு நான் வந்து சேர்ந்த வரிசை இது.

சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நாம் காலூன்றி நிற்பது பலகை. அதன் அடியில் முன்னும் பின்னும் பொருத்தப்பட்டிருக்கும் உலோக அச்சுத் தொகுதிக்கு ட்ரக் என்று பெயர். அதில் பலகையோடு ஒட்டியிருக்கும் தட்டை பேஸ்பிளேட் என்றும், சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் கையை ஹேங்கர் என்றும், இரண்டையும் இணைக்கும் தடித்த போல்ட்டை கிங்பின் என்றும் சொல்வார்கள். பலகையின் பின்முனை மேல்நோக்கி வளைந்திருந்தால் அது கிக்டெயில்.

முதற்படி: காலவரிசையை மனத்தில் நிறுத்துங்கள்

ஸ்கேட்போர்டின் வரலாறு ஏறத்தாழ முழுவதும் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் நிகழ்ந்தது. 1950-களில் அங்கிருந்த சிறுவர்கள் பழைய ரோலர் ஸ்கேட்டுகளைப் பிரித்து, அவற்றின் சக்கரங்களை ஒரு மரத்துண்டின் அடியில் ஆணியடித்து ஓட்டினார்கள். இந்தக் கட்டத்தில் தயாரிப்பாளர் என்று எவரும் இல்லை; எல்லாமே வீட்டுக் கைவேலை. 1959-ல் ரோலர் டெர்பி என்ற ரோலர் ஸ்கேட் நிறுவனம் சிவப்பு வண்ணம் பூசிய, இரும்புச் சக்கரம் வைத்த சிறிய பலகையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஸ்கேட்போர்டாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுவே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொழிலின் முதல் தயாரிப்பே சிறுவர்களின் கைவேலையைப் பார்த்துச் செய்த நகல்தான். யார் அசல், யார் நகல் என்ற கேள்வி இந்தத் துறையில் தொடக்கத்திலேயே சிக்கலானது என்பதை நினைவில் வைத்தால், பின்னால் வரும் பல முடிவுகளில் அவசரம் குறையும்.

1962-ல் நார்த் ஹாலிவுட்டில் இருந்த வேல் சர்ஃப் என்ற அலைச்சறுக்குக் கடை, சிகாகோ ரோலர் ஸ்கேட் நிறுவனத்திடமிருந்து அச்சுகளை வாங்கித் தன் பலகைகளில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் லேரி ஸ்டீவன்சன் மகாஹா நிறுவனத்தின் மூலம் அலைச்சறுக்குப் பலகையின் வடிவத்தைச் சிறிதாக்கிய ஸ்கேட்போர்டுகளை விற்றார். ஃபில் எட்வர்ட்ஸ் என்ற அலைச்சறுக்கு வீரரின் பெயரில் 1963-ல் மகாஹா வெளியிட்ட பலகை, ஒரு வீரரின் பெயரைத் தாங்கி வந்த தொடக்ககால ஸ்கேட்போர்டுகளில் முக்கியமானது. ஹெர்மோசா பீச்சில் அதே ஆண்டு முதல் போட்டியை நடத்தியதும் மகாஹாதான். 1964-ல், பெயர்பெற்ற அலைச்சறுக்குப் பலகைக் கலைஞரான ஹோபி ஆல்ட்டர், வீட்டா-பாக் என்ற பழச்சாறு நிறுவனத்துடன் சேர்ந்து ஹோபி ஸ்கேட்போர்டுகளைக் கொண்டுவந்தார். பழச்சாறு விற்றவர்களே ஸ்கேட்போர்டு விற்க வந்தார்கள் என்றால் அந்த அலை எவ்வளவு பெரிதாக எழுந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எழுந்த வேகத்திலேயே அது விழவும் செய்தது. அன்றைய சக்கரங்கள் களிமண் கலவையால் ஆனவை. இரும்பை விட மென்மையாக ஓடினாலும், சாலையில் சிறு கூழாங்கல் குறுக்கிட்டால் அவை சட்டென்று நின்றுவிடும்; ஓட்டுபவர் முன்னால் தூக்கியெறியப்படுவார். எலும்பு முறிவுகள் பெருகின, மருத்துவர்கள் எச்சரித்தார்கள், பல நகரங்கள் தடை விதித்தன. 1965 முடிவதற்குள் சந்தை சரியத் தொடங்கி, கிடங்குகளில் பலகைகள் தேங்கின. இன்று நம் கைக்கு வரும் 1960-களின் பலகைகளில் பல கீறலே இல்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: வாங்கினார்கள், சில வாரம் ஓட்டினார்கள், விழுந்தார்கள், வண்டிக்கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

துறைக்கு இரண்டாம் உயிர் கொடுத்தது யூரித்தேன் என்ற மீள்தன்மையுள்ள செயற்கைப் பொருளால் ஆன சக்கரம். வர்ஜீனியா மாநிலத்தின் பர்செல்வில்லில் இருந்த கிரியேட்டிவ் யூரித்தேன்ஸ் ஆலை, ரோலர் ஸ்கேட் அரங்குகளுக்காக இந்தச் சக்கரங்களை வார்த்துக்கொண்டிருந்தது. அங்கே அவற்றைக் கண்ட ஃபிராங்க் நாஸ்வொர்த்தி, ஸ்கேட்போர்டில் பொருத்திப் பார்த்துவிட்டு, கலிபோர்னியாவுக்குப் போய் 1973-ல் காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். யூரித்தேன் கல்லைக் கண்டு நிற்காமல் ஏறிப்போகும், தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. சான்டா குரூஸ் நகரில் ரிச்சர்ட் நோவாக், டக் ஹாட், ஜே ஷூர்மன் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த என்.எச்.எஸ். நிறுவனம், மூடிய துல்லிய பேரிங் பொருத்திய ரோட் ரைடர் சக்கரங்களை வெளியிட்டது. ஸ்கேட்போர்டுக்கென்றே வடிவமைத்த ட்ரக்குகளை பென்னட், டிராக்கர் நிறுவனங்கள் 1975 அளவில் கொண்டுவந்தன. பானே, லோகன் எர்த் ஸ்கி, சிம்ஸ், ஜி அண்ட் எஸ், செஃபிர், டாக்டவுன், ஆல்வா என்று தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். 1978-ல் ஜார்ஜ் பவலும் ஸ்டேசி பெரால்டாவும் இணைந்து பவல் பெரால்டாவைத் தொடங்கினார்கள். இண்டிபெண்டன்ட் ட்ரக்குகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

1980-களில் பவல் பெரால்டா, சான்டா குரூஸ், விஷன் ஆகிய மூன்றும் சந்தையைப் பெரும்பாலும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1987-ல் ஸ்டீவ் ராக்கோ தொடங்கிய வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் அந்த ஆட்சியைக் கலைத்தது. இந்தக் காலவரிசை போதும். இனிப் பலகையைக் கையில் எடுக்கலாம்.

இரண்டாம்படி: எதையும் கழற்றாமல் அளவெடுங்கள்

ஓர் அளவுகோல், வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, சாய்வாக வெளிச்சம் அடிக்க ஒரு டார்ச் ஆகியவை போதும். துடைக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. அழுக்கும் ஒரு சாட்சி.

அகலமே காலத்தை ஓரளவு சொல்லிவிடும். 1960-களின் பலகைகள் பெரும்பாலும் 6 அங்குலத்துக்கும் குறுகலானவை. 1970-களின் நடுவில் 7 அங்குலம் வரை போனது. ஸ்கேட் பூங்காக்கள் வந்து, வீரர்கள் செங்குத்துச் சுவரில் ஏறத் தொடங்கியபின், அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 10 அங்குலம் வரை விரிந்தது. 1980-களில் அந்த அகலம் நீடித்தது. மீனைப் போல நடுவில் பருத்து நுனியில் குவியும் வடிவங்கள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் அகலம் திடீரென்று 7.5 அங்குலம் அளவுக்குச் சுருங்கி, இரண்டு முனையும் ஒரேபோல உருண்ட, ஐஸ் குச்சி போன்ற வடிவம் நிலைத்தது. 1975-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் பலகை 10 அங்குல அகலத்தில் இருந்தால், வேறெதையும் பார்ப்பதற்கு முன்பே கேள்வி எழுப்பலாம்.

மூன்றாம்படி: துளைகளை அளந்து பாருங்கள்

என் கணிப்பில் இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை. ட்ரக் ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டுகளால் பலகையோடு இணைகிறது. பலகையின் நீளவாக்கில் அந்தத் துளைகளின் இடைவெளி 1970-களின் பிற்பகுதியிலும் 1980-கள் முழுவதும் ஏறக்குறைய 64 மி.மீ.; 1990-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை 54 மி.மீ. குறுக்குவாக்கில் இரண்டுக்கும் 41 மி.மீ.தான். மாறிய அந்தச் சில ஆண்டுகளில் இரண்டு அளவுக்கும் பொருந்தும்படி ஆறு துளை வைத்த பேஸ்பிளேட்டுகளும் வந்தன.

1985-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பலகையில் 54 மி.மீ. இடைவெளி மட்டும் இருந்தால் அது பின்னால் செய்யப்பட்டது என்பது ஏறத்தாழ உறுதி. மறுதலையாக, 64 மி.மீ. இருப்பதாலேயே அது பழையது என்று ஆகாது; பழைய ட்ரக் வைத்திருப்பவர்களுக்காகப் பழைய அளவிலேயே துளையிட்ட மறுபதிப்புகளும் உண்டு. அதாவது இந்தச் சோதனை பொய்யை மறுக்கும், மெய்யை நிறுவாது. துளையின் உட்சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் போல்ட் இருந்த துளையில் துருவின் நிறம் மரத்துக்குள் இறங்கியிருக்கும். வாஷர் அழுத்திய வட்டத்தடம் மேற்பரப்பில் பள்ளமாகப் பதிந்திருக்கும். தடமே இல்லாமல், ஆனால் பலகையின் முனைகள் மட்டும் மிகவும் தேய்ந்திருந்தால், அந்தத் தேய்மானம் சாலையில் ஏற்பட்டதா என்று ஐயுறுவது நியாயமே.

1960-களின் பலகைகளில் பெரும்பாலும் போல்ட் இருக்காது. மரத்திருகு அல்லது ரிவிட் அடித்த உலோகத் தட்டுதான் இருக்கும். ஒரு சிவப்புப் பலகையை மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்த நினைவு இன்னும் இருக்கிறது. இரும்புச் சக்கரங்கள் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியவை. விரலால் சுழற்றினால், உள்ளே காய்ந்துபோன கிரீஸில் குண்டுகள் உரசி மாவு அரைப்பது போன்ற ஒலி வந்தது. அச்சைத் தாங்கிய தகடு வார்ப்பு அல்ல. தகரத்தை மடித்து அழுத்தி எடுத்தது. ரோலர் ஸ்கேட்டின் அடிப்பகுதியை அப்படியே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அந்தத் தகடே சொல்லிவிட்டது.

நான்காம்படி: பலகை எதனால் ஆனது

பலகையின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். ஒரே மரத்துண்டாக இருந்தால், அதாவது ஓக், ஆஷ் போன்ற மரம் ஒன்றின் ரேகை மேலிருந்து கீழ்வரை தொடர்ந்து ஓடினால், அது 1960-களையோ 1970-களின் முற்பகுதி, நடுப்பகுதியையோ சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். லோகன் சகோதரர்களின் எர்த் ஸ்கி பலகைகளில் இத்தகைய திடமர வேலை மிக நேர்த்தியானது. மர உள்ளீட்டின் மேலும் கீழும் கண்ணாடியிழைத் தகடு ஒட்டியிருந்தால் ஜி அண்ட் எஸ் நிறுவனத்தின் ஃபைபர்ஃபிளெக்ஸ் வகையைச் சிந்திக்கலாம். மரமே இல்லாமல் முழுக்கக் கண்ணாடியிழையாக இருந்தால் பானேயை.

ஏழு மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒட்டி அழுத்தி வளைத்த பலகை 1970-களின் பிற்பகுதியில் வந்தது. கனடாவின் வில்லி விங்கல் இதில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். விளிம்பில் அடுக்குகளை எண்ணும்போது அவற்றின் தடிமன் சீராக இருக்கிறதா, நடுவில் மட்டும் ரேகை குறுக்காக ஓடுகிறதா என்றும் பாருங்கள். மலிவுப் பலகைகளில் உள்ளடுக்குகள் மென்மையான வேறு மரமாக இருக்கும். விளிம்பு நார்நாராகப் பிரிந்திருக்கும். மேப்பிள் அப்படிப் பிரிவதில்லை. அது செதில் செதிலாகத் தெறிக்கும்.

இந்த இடத்தில் கிக்டெயிலின் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அசல், நகல் என்ற பிரிவினை நீதிமன்றம் வரை போனது இதற்காகத்தான். பின்முனையை மேல்நோக்கி வளைக்கும் யோசனைக்கு லேரி ஸ்டீவன்சன் 1969-ல் விண்ணப்பித்து 1971-ல் காப்புரிமை பெற்றார். அது கிடைத்தபோது ஸ்கேட்போர்டுச் சந்தை ஏறத்தாழ இறந்துகிடந்தது. யூரித்தேன் வந்து சந்தை உயிர்த்தபோது, கிக்டெயில் இல்லாமல் யாரும் பலகை செய்ய முடியாத நிலை வந்திருந்தது. ஸ்டீவன்சன் உரிமத்தொகை கேட்டார். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் பலகைகளுக்குப் பெயர்பெற்ற கிரென்டெக் நிறுவனத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், அந்தக் கண்டுபிடிப்பு துறையறிந்தவருக்கு இயல்பாகவே தோன்றக்கூடியது என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-ல் காப்புரிமை செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அத்தனை பேருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய ஒன்று, பத்தாண்டுக் காலம் பலகை ஓட்டிய எவருக்கும் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. ஸ்டீவன்சனுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு பயனும் உண்டு: 1970-களின் சில பலகைகளில் காப்புரிமை பற்றிய குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும், அதைக் கண்டால் அந்தப் பலகை 1971-க்கு முந்தையது அல்ல என்று கொள்ளலாம்.

ஐந்தாம்படி: ட்ரக்கின் வார்ப்பெழுத்துகளைப் படியுங்கள்

ட்ரக் தனித்தே விற்கப்படும் பொருள். உடைந்தால் மாற்றுவார்கள், பிடிக்காவிட்டாலும் மாற்றுவார்கள். ஆகவே ட்ரக்கின் காலம் பலகையின் காலம் ஆகிவிடாது. ஆனாலும் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவசியம். பேஸ்பிளேட்டிலும் ஹேங்கரிலும் நிறுவனத்தின் பெயர் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். சிகாகோ, ஷூர்-கிரிப் போன்ற பெயர்கள் ரோலர் ஸ்கேட் தொழிலிலிருந்து வந்தவை. அவற்றின் ஹேங்கர் குறுகலானது. டிராக்கரின் ஹேங்கர் அகலமானது. அந்த அகலமே அதன் புதுமை. இண்டிபெண்டன்ட் தன் மாதிரிகளை ‘ஸ்டேஜ்’ என்று எண்ணிட்டு வெளியிட்டதால், எந்த ஸ்டேஜ் என்று தெரிந்தால் காலத்தை நெருக்கமாகச் சொல்லலாம்.

நகல் ட்ரக்குகளை அடையாளம் காணப் பெயரைத் தேடுவதை விட வார்ப்பின் தரத்தைப் பார்ப்பது நல்லது. நகலெடுப்பவர் பெரும்பாலும் அசலின் வெளிவடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர் இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். அல்லது ஒலியில் நெருங்கிய வேறொரு பெயரைப் போடுவார். வார்ப்பின் இணைப்புக் கோட்டில் பிசிறு நிற்கும். கிங்பின் பேஸ்பிளேட்டில் இறுக அமராமல் ஆடும். பேஸ்பிளேட்டே பிளாஸ்டிக்காக இருப்பதும் உண்டு.

ஆறாம்படி: சக்கரமும் பேரிங்கும்

இரும்பு என்றால் 1960-களின் தொடக்கம் அல்லது அதற்கு முன்பு. களிமண் கலவை என்றால் 1960-கள். யூரித்தேன் என்றால் 1973-க்குப் பின். களிமண் சக்கரத்தை அடையாளம் காண்பது எளிது: பளபளப்பு இருக்காது, விளிம்பு பொரிந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் சற்றும் அழுந்தாது.

யூரித்தேன் சக்கரத்தில் பேரிங் எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சைக்கிள் கடைகளில் பால்ரஸ் என்று சொல்கிறோமே, அந்தச் சிறு இரும்புக் குண்டுகள் தனித்தனியாகக் கூம்பு வடிவக் கிண்ணத்தில் இருந்தால் அது ரோட் ரைடருக்கு முந்தைய முறை; சற்று இறுக்கம் குறைந்தால் குண்டுகள் தெருவெல்லாம் சிதறும். 8 மி.மீ. உள்விட்டமும் 22 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட மூடிய பேரிங் இருந்தால் அது 1975-க்குப் பிந்தைய முறை. எச்சரிக்கை ஒன்று: மலிவு விலைப் பலகைகள் தனிக்குண்டு முறையை 1970-களின் இறுதிக்கு அப்பாலும் விடவில்லை. ஆகவே தனிக்குண்டு இருப்பது பழமையின் அடையாளமாகவும் இருக்கலாம், சிக்கனத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். ட்ரக்கோடும் துளையோடும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஏழாம்படி: இப்போது படத்தைப் பாருங்கள்

ஸ்கேட்போர்டின் அடிப்பக்கம் ஓர் ஓவியத்துக்கான இடம் என்ற எண்ணத்தை நிலைநாட்டியவர்களில் டாக்டவுனின் வெஸ் ஹம்ப்ஸ்டன் முன்னவர். பவல் பெரால்டாவுக்காக வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன் வரைந்த மண்டையோடுகளும் எலும்புகளும், சான்டா குரூஸுக்காக ஜிம் ஃபிலிப்ஸ் 1985-ல் வரைந்த அலறும் கையும், 1980-களின் முகமாகவே ஆகிவிட்டன. வீரர்களின் பெயரில் வந்த பலகைகளில் ரே ரோட்ரிகஸின் வாளேந்திய மண்டையோடு, டோனி ஹாக்கின் பறவை மண்டையோடு, ஸ்டீவ் கபயேரோவின் டிராகன் ஆகியவற்றைப் போலச் செய்யாத மலிவுத் தயாரிப்பாளர் அரிது.

அக்காலப் படங்கள் பெரும்பாலும் ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில், பலகையின் வளைவின் மேலேயே, ஒவ்வொரு வண்ணமாகக் கையால் அச்சிடப்பட்டவை. கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சிடும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு வண்ணமும் தனித்த, திண்ணமான பரப்பாக இருக்கும். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று ஏறும் ஓரத்தில் மையின் மேடு தெரியும், விரல்நகத்துக்கும் தட்டுப்படும். வண்ணங்கள் மிகத் துல்லியமாகப் பொருந்தாமல் ஓர் இழை விலகியிருப்பதும் இயல்பே. 1990-களின் இறுதியிலிருந்து பரவிய வெப்ப மாற்று முறையில், படம் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அச்சாகி, உருளையால் சூடாக்கி பலகையில் ஒட்டப்படுகிறது. கீறலின் ஓரத்தில் அந்தப் படலம் தோல் உரிவதுபோல் எழும்பி நிற்கும். பலவற்றில் செய்தித்தாள் புகைப்படத்தில் காண்பது போன்ற நுண்புள்ளிகளும் தெரியும். 1980-களின் பலகை என்று சொல்லப்படுவதில் படலம் உரிந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஸ்க்ரீன் பிரிண்டிங்காக இருந்தும் ஏமாந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தனிநபர் ஒருவரிடமிருந்து, 1980-களின் புகழ்பெற்ற மண்டையோட்டுப் பலகை ஒன்றை வாங்கினேன். மை திண்ணமாக இருந்தது, துளை இடைவெளி 64 மி.மீ., முனைகள் தேய்ந்திருந்தன. வீட்டுக்கு வந்து சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தபோது, மேற்புறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பூதக்கண்ணாடியில், மரத்தின் ரேகைக்குக் குறுக்காக நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம். அந்தத் தடத்துக்கு நடுவே, முற்றிலும் அழியாத இரண்டு இலக்கங்களின் வால்கள். மறுபதிப்புக்கு இடப்பட்டிருந்த வரிசை எண்ணை யாரோ அழித்திருக்கிறார்கள். நிறுவனம் நேர்மையாகக் குறித்து வெளியிட்ட பொருளைக் கைமாறிய இடத்தில் பொய்யாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மேற்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்காமல் நான் எதற்கும் பணம் கொடுப்பதில்லை.

எட்டாம்படி: நகல் என்றால் எவ்வகை நகல்

அசல் அல்ல என்று தெரிந்தபின், அது எவ்வகை என்று பிரிப்பது அடுத்த வேலை. எல்லா நகலும் குப்பை அல்ல.

முதல் வகை, பல்பொருள் அங்காடிப் பலகைகள். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருந்த நாஷ் நிறுவனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1960-களில் கூஃபி ஃபுட், ஃபிஃப்டீன் டோஸ் போன்ற பெயர்களில் நடைபாதைப் பலகைகளை விற்ற அதே நிறுவனம், 1980-களில் பெரிய நிறுவனங்களின் வடிவத்தையும் மண்டையோட்டு மரபையும் எடுத்துக்கொண்டு எக்சிக்யூஷனர் என்ற பலகையைப் பொம்மைக் கடைகளில் விற்றது. ஸ்கேட் கடைகளில் முழுப் பலகை ஒன்றுக்குச் செலவழிக்க வசதியில்லாத குடும்பங்களில், பிள்ளைகளின் முதல் ஸ்கேட்போர்டு பெரும்பாலும் இதுவே. அதனால்தான் இன்று நாற்பது, ஐம்பது வயதினர் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். வேரிஃபிளெக்ஸின் கதை வேறு: 1980-களின் தொடக்கத்தில் எடி எல்கெரா போன்ற வீரர்களைக் கொண்ட அணியோடு இயங்கிய நிறுவனம், பின்னாளில் மலிவுச் சந்தைக்கு மாறியது. ஆகவே வேரிஃபிளெக்ஸ் என்ற பெயரைக் கண்டதும் ஒதுக்கிவிடாமல் எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகை, வேண்டுமென்றே செய்த கேலி நகல். மார்க் கொன்சாலஸ் என்ற வீரர் 1989-ல் விஷனை விட்டு விலகி, ராக்கோவோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்கு பிளைண்ட் என்று பெயர் வைத்தார். விஷன் என்றால் பார்வை, பிளைண்ட் என்றால் குருடு; பார்வைக்கு எதிர்ச்சொல். அங்கே மார்க் மெக்கீ வரைந்த ஜேசன் லீ என்ற வீரரின் டோடோ பறவை மண்டையோடு, டோனி ஹாக்கின் பறவை மண்டையோட்டை நேருக்கு நேர் கேலி செய்தது. இது ஏமாற்று வேலை அல்ல, கருத்துப்போர். இந்தக் கேலிப் பலகைகள் இன்று அவை கேலி செய்த அசலுக்கு நிகராக மதிக்கப்படுகின்றன. அது சரியே என்பது என் எண்ணம்.

மூன்றாம் வகை, உரிமையாளரே வெளியிடும் மறுபதிப்பு. பவல் பெரால்டா, சான்டா குரூஸ், விஷன் முதலிய பல நிறுவனங்கள் தங்கள் 1980-களின் பலகைகளை மீண்டும் அச்சிட்டு விற்கின்றன. ஓட்டுவதற்கும் சுவரில் மாட்டுவதற்கும் இவை நல்லவை. பழைய விலையில் விற்கப்படும்போதுதான் குற்றமாகிறது.

நான்காவது, வடிவத்தின் மறுபிறப்பு. 2010-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பென்னி நிறுவனம், 1970-களின் சிறிய பிளாஸ்டிக் பலகையை 22 அங்குலத்தில் மீண்டும் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் அதற்கே எண்ணற்ற நகல்கள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பார்த்து 1970-களைச் சேர்ந்தது என்று சொல்வதற்கு முன், அதன் துளை இடைவெளியை அளந்துவிடுங்கள்.

ஒன்பதாம்படி: எழுத்துச் சான்று தேடிப் பதிவு செய்யுங்கள்

பொருளைப் படித்து முடித்தபின் தாளைத் தேடலாம். 1960-களிலும் பின்னர் 1975 முதலும் வெளிவந்த ஸ்கேட்போர்டர், 1981-ல் தொடங்கிய த்ராஷர், 1983-ல் தொடங்கிய டிரான்ஸ்வேர்ல்ட் ஆகிய இதழ்களின் விளம்பரப் பக்கங்களே இந்தத் துறையின் ஆவணக்காப்பகம். உங்கள் பலகையின் வடிவமும் வண்ணமும் எந்த மாத விளம்பரத்தில் முதலில் வருகின்றன என்று கண்டால், காலம் கிட்டத்தட்ட ஓராண்டுக்குள் சுருங்கிவிடும். விற்பவர் சொல்லும் கதையையும் எழுதி வையுங்கள். ஆனால் அதைத் தனியாக எழுதுங்கள், அளவுகளோடு கலக்க வேண்டாம்.

பதிவுத்தாளில் நீளம், அகலம், துளை இடைவெளி, அடுக்கு எண்ணிக்கை, ட்ரக்கின் வார்ப்பெழுத்து, சக்கரப் பொருள், பேரிங் வகை, அச்சு முறை ஆகியவற்றை இதே வரிசையில் குறித்து, மேற்புறம், கீழ்ப்புறம், விளிம்பு, துளை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படம் எடுங்கள். பழைய போல்ட்டுகளையும் வாஷர்களையும் தூக்கியெறியாமல் சிறு பையில் போட்டுப் பலகையோடு கட்டி வையுங்கள். சுவரில் மாட்டுவதானால் வெயில் படாத சுவராக இருக்கட்டும்: 1980-களின் ஒளிரும் இளஞ்சிவப்பும் பச்சையும் சூரிய ஒளியில் விரைவில் வெளுத்துவிடும், வெளுத்த மையை மீட்க வழியில்லை.